அருவிச் சத்தத்தில் கேட்ட சொதி

பேரருவிக்குக் கீழே நின்றுகொண்டு பேசுவதென்றால் கத்தியாக வேண்டும். உச்சந்தலையில் இறங்குகிற தண்ணீர் காதை அடைத்துவிடும். நாம் பேசுவது நமக்கே கேட்காது. இருந்தும், குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் பேச்சு ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் தணிந்த குரலில் பேசிப் பழகியவர்கள் எல்லாம் அங்கே வந்துதான் வாய்விட்டுப் பேசினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனி மாதத்தின் கடைசியாக இருக்கலாம். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, தென்காசியிலிருந்து மாட்டு வண்டியில் போயிருந்தோம். தலையில் தேய்த்த எண்ணெய் புருவத்தில் வழிய, என் தோழி வடிவு என் காதருகே வாயை வைத்துக் கத்தினாள்.

"மூணாம் பாலு மொதல்ல! காய அதுலதான் வேக வைக்கணும், கேட்டியா?"

"எதுல?"

"மூணாம் பாலுல! தேங்காய மூணு தடவ பிழியணும்லா? கடைசியாப் பிழிஞ்சது அடுப்புக்கு மொதல்ல போகணும். மொதல்ல பிழிஞ்சது கடைசீல. ஊத்தி, நுரை கட்டும்போதே எறக்கிரு. கொதிச்சுதோ, போச்சு!"

எனக்கு இடது பக்கத்தில் சுரண்டையிலிருந்து வந்த இருவர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நாத்தனார், மற்றவள் மதினி என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. யாருக்குச் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று விசாரிக்காமலே பேச்சில் புகுந்துவிட்டார்கள்.

"ஏ தாயி, பூண்டச் சொல்லாம விட்டுட்டியே!"

"சொல்ல வாரேன். பூண்டு முழுசாக் கெடக்கணும். நறுக்கப்பிடாது."

"எங்க வீட்ல நறுக்கித்தான் போடுவோம்" என்றாள் மதினிக்காரி.

"அதான் ஒங்க வீட்டுச் சொதி அப்படி இருக்கு" என்றாள் நாத்தனார். அந்தக் கூச்சலிலும் பத்துப் பேருக்கு அது கேட்டுவிட்டது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

"என்ன விசேசம்ட்டி வீட்ல?" என்று நாத்தனார் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் வடிவு என் தோளைப் பிடித்து அருவிக்குள் தள்ளினாள். "ஒரு விசேசமும் இல்ல. சும்மா வீட்டுச் சாப்பாடுதான்" என்று அவள் சொல்வது தண்ணீருக்கு அப்பாலிருந்து கேட்டது. விளையாட்டுக்குத் தள்ளினாள் என்றே நினைத்தேன்.

பெயர் சொல்லாத வீடு

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையை இத்தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இன்று முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: மங்கையர்க்கரசி என்ற என் பெயரை அந்த வீடு முதல் நாளே மங்கை என்று சுருக்கிக்கொண்டது, நான் சொல்லும் 'அண்ணி' அங்கே 'மதினி'யாக இருந்தது, அவர்கள் 'அங்கன' என்றால் நான் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, கோயில் வாசலுக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை. அந்நாளில் கோயில் கோபுரம் இடிந்து, பிளந்து, மொட்டையாக நின்றது. ஆனால் அதன் வழியாக வெளிவருகிற காற்றுக்கு ஒரு குறைவும் இல்லை. சாரல் மாதங்களில் அந்தக் காற்று முகத்தில் அறைந்து, புடவைத் தலைப்பைப் பறித்து, கடைப் பக்கம் போய், சுக்கும் வசம்பும் அதிமதுரமும் கலந்த வாசனையைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டு சேர்க்கும். மாமா வீட்டுக்கு வருவதற்கு முன்னே அவருடைய வாசனை வந்துவிடும்.

அவர் கடுமையானவர் என்று சொல்லமாட்டேன். பண்டங்களின் குணம் அறிந்து விற்கிறவர்; அதனால் எதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். இன்னதை வெறும் வயிற்றில் தின்னக் கூடாது, இன்னதோடு இன்னது சேரக் கூடாது, விளக்கு வைத்த பின் வீட்டில் இஞ்சி கூடாது. எங்கள் வீட்டில் யாருக்கும் வயிறு கெட்டு நான் பார்த்ததில்லை.

அந்த முறைகளுக்குள் அடங்காமல் போனவள் சிவகாமி. என் கணவரின் தங்கை. எனக்குத் திருமணம் ஆவதற்கு முன்பே வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து, செங்கோட்டையில் வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்த தாமோதரன் என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் சாதி இல்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? செங்கோட்டை அப்போதுதான் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. எல்லைக்கோடு நகர்ந்து கொடுத்தது, மாமா நகரவில்லை.

நான் வந்த நாள் முதல் அந்த வீட்டில் சிவகாமி என்ற பெயரை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. எனக்கு அவளைப் பற்றிச் சொன்னவள் எதிர்வீட்டு வடிவுதான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். "அவ இருந்தா ஒன்ன ஒரு நிமிசம் சும்மா இருக்க விடமாட்டா. பேசியே கொன்னுருவா" என்று ஒருநாள் கோயில் பிரகாரத்தில் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருடம் அத்தை, என் மாமியார், காய்ச்சலில் விழுந்தார்கள். நினைவு தப்பும் அளவுக்குக் கடுமையான காய்ச்சல். அந்த மயக்கத்தில், "ஏட்டி சிவகாமி, வாசத் தெளிச்சியா? கோலம் போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்றாட வேலையைப் பற்றிய அன்றாடக் கேள்வி. மகள் அடுத்த அறையில் இருப்பது போன்ற குரல். கஷாயக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, ஒருநாள் காலையில் கடைக்குப் புறப்படும்போது அவர் என் கணவரிடம் சொன்னார்: "அவ வந்து அம்மையப் பாத்துட்டுப் போகட்டும்."

"மாப்பிள்ளையும் வரலாமாப்பா?"

"ஆரு மாப்பிள்ளை?"



மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாத்தியாரும் வந்தா வரட்டும். வந்தவங்களுக்குச் சோறு போடாம அனுப்புதது நம்ம வழக்கம் இல்ல. அந்திக்கு வந்து சாப்பிட்டுட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போயிரணும். அவ்வளவுதான்."

வடிவின் கணவர் மூலம் செங்கோட்டைக்குச் செய்தி போயிற்று. அவளுக்குத் தன் வீட்டு வாசல் திறந்திருப்பது அந்த ஒரு மாலைப் பொழுது மட்டும்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தைக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள்.

மூன்று பாத்திரங்கள்

அத்தைக்கு உடம்பு தேறாததால் அடுக்களை என் பொறுப்பில் இருந்தது. நாத்தனாரை நான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். அன்று அவளுக்குப் பிடித்ததைச் செய்து போட வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

"சிவகாமிக்கு எது பிடிக்கும்?" என்று வடிவைக் கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "சொதி."

நான் சொதியைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே கிடையாது. என் திருமணமும் அதற்குப் பிறகு நடந்தவையும் எங்கள் ஊரில், எங்கள் ஊர் முறைப்படியே முடிந்துவிட்டன. தென்காசிக்கு வந்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் எது இல்லை என்பது வெளியிலிருந்து வந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"செய்யுமுன்ன வீட்ல யார்ட்டயும் சொல்லாத. எலையில பாக்கட்டும்" என்று வடிவு சொன்னாள். எல்லோரையும் மகிழ்விக்கத்தான் சொல்கிறாள் என்று நம்பினேன்.

சிவகாமி வருவதற்கு முந்தின நாள், ஆண்கள் இல்லாத நேரத்தில், ஒரு தேங்காயை மட்டும் உடைத்துப் பழகிப் பார்த்தேன். காய் வெந்தது, பருப்பு சேர்ந்தது, முதற்பாலை ஊற்றும் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. கறிவேப்பிலை எடுக்கத் திரும்பினேன். அந்த இடைவெளியில் அது கொதித்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பால் தனியாக, தண்ணீர் தனியாகத் திரிந்து நின்றது. அதைக் கொல்லைப்புறத்துத் தொட்டியில் கொட்டிவிட்டு, மாடு தலையை ஆட்டி ஆட்டிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்து முடித்ததும் இன்னும் உண்டா என்பது போல என்னைப் பார்த்தது. அந்தச் சொதியைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மறுபடியும் தொடங்கினேன். இலஞ்சித் தேங்காய், தடித்த பருப்பு, துருவத் துருவ வெண்ணெயாக விழுந்தது. முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று பாத்திரங்களில் வரிசையாக எடுத்து வைத்தேன். பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வறுத்து வேக வைத்தேன். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் நறுக்கியாயிற்று. சின்ன வெங்காயம் உரித்தாயிற்று.

அப்போது அத்தை சுவரைப் பிடித்தபடி அடுக்களைக்குள் வந்தார்கள். வாசற்படியருகே நின்று அந்த மூன்று பாத்திரங்களையும் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தது போல எனக்குப் பட்டது.

"என்ன அத்தை? ஏதும் தப்பா?"

"ஒண்ணும் இல்ல" என்று கீழே உட்கார்ந்து, பூண்டை முன்னே இழுத்து வைத்து உரிக்கத் தொடங்கினார்கள். காய்ச்சலுக்குப் பின் நடுக்கம் நிற்காத விரல்கள். ஒரு பல்லை உரிக்கவே நேரம் பிடித்தது. நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை. உரித்து முடித்ததும் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "முழுசாப் போடு. நறுக்காத" என்றார்கள்.

சொதிக்கு இஞ்சித் துவையல்தான் தொடுகறி, அது இல்லாமல் இறங்காது என்று வடிவு அருவியில் சொல்லியிருந்தாள். சாப்பிடும்போது விளக்கு வைத்திருப்பார்கள். மாமாவின் முறை எனக்குத் தெரியும். குழம்பில் இஞ்சிச் சாறு சேர்க்காமல் எலுமிச்சம்பழச் சாற்றை மட்டும் கலந்து, துவையலையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக உருளைக்கிழங்கைக் காரமாக வறுத்தேன்.

இம்முறை முதற்பாலை ஊற்றியபின் நான் எங்கும் திரும்பவில்லை. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட்டேன். வெளுத்த மஞ்சள் நிறத்தில், இளஞ்சூட்டில், ஒரு திரிவும் இல்லாமல் நின்றது. அத்தை எட்டிப் பார்த்துத் தலையை அசைத்தார்கள்.

விருந்தாளி

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் தூறலில் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். சிவகாமி நான் கற்பனை செய்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். படியேறாமல் செருப்பைக் கழற்றியபடி நின்றாள். கழற்றிய பின்னும் நின்றாள். அத்தை உள்ளேயிருந்து வந்தார்கள்.

"எளச்சுட்டியேட்டி" என்றார்கள்.

"நீதாம்மா எளச்சிருக்க."

பட்டாசல் என்று அங்கே சொல்கிற நடுக்கூடத்தில் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். யாரையும் பார்க்காமல், இருவருக்கும் பொதுவாக, ஒரே ஒரு 'வாங்க'. தாமோதரன் கும்பிட்டார். மெலிந்த, உயரமான மனிதர். நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என் கணவர் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

சிவகாமி பழக்கத்தில் அடுக்களைப் பக்கம் நடந்தாள். மாமா அத்தையிடம் சொன்னார்: "விருந்துக்கு வந்தவங்களுக்கு அடுக்களையில என்ன வேலை? ஒக்காரச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் இதை உபசாரம் என்போம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் சிவகாமியின் முகத்தைப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த வீட்டில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் அவளுக்கு இடமில்லை என்பதை மாமா மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விளக்கு வைத்ததும் இலை போட்டேன். அந்த வீட்டில் பெண்கள் ஆண்களோடு பந்தியில் உட்காரும் வழக்கம் இல்லை. அன்று சிவகாமிக்கும் ஓர் இலை போடச் சொன்னார் மாமா; வந்தவளாயிற்றே. மாமா, என் கணவர், தாமோதரன், சற்றுத் தள்ளி சிவகாமி.

உப்பு, வறுவல், அப்பளம் வைத்தேன். சோறு வைத்தேன். பிறகு சொதியைக் கொண்டுவந்து, மாமாவின் இலையிலிருந்து தொடங்கி ஊற்றினேன்.

மாமா கையை இலையருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். என் கணவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்; எரிகிற அடுப்பில் கையை வைத்துவிட்டவளைப் பார்ப்பது போல இருந்தது அது. சிவகாமி தன் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. "மாமா, திரிஞ்சு போயிடுச்சா?" என்று கேட்டேன்.



ஓலனுக்கு அக்கா

அந்தப் பந்தியில் ஒன்றும் அறியாதவர் என்னைத் தவிர இன்னொருவரும் இருந்தார். தாமோதரன் பசியோடு வந்த மனிதர். சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். எல்லோரும் பேசாமல் இருக்கிறார்களே, நாமாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வோம் என்று நினைத்திருப்பார்.

"ரொம்ப நல்லாருக்கு. எங்க பக்கத்து ஓலனுக்கு அக்கா முறை ஆகும் போல இருக்கே!"

"ஓலனா?" என்றார் மாமா.

"ஆமா. பூசணிக்காயும் பயறும் போட்டு, தேங்காப் பால் விட்டு…"

மாமா என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாலே கதைய? சொதியப் போயி ஓலங்குதாரு!" பிறகு நேராகத் தாமோதரனைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவரை நேருக்கு நேர் பார்த்தது அதுவே முதல் தடவை. "இங்க பாரும். ஓலன் என்னைக்கு வேணும்னாலும் வைக்கலாம். காய் இருந்தா ஓலன். சொதி அப்படி இல்ல. இதுக்கு ஒரு முறை இருக்கு, கேட்டீரா? கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வாராருல்லா மாப்பிள்ளை, அவருக்குன்னு பொண்ணு வீட்ல வைக்கது…"

அவர் நிறுத்திக்கொண்டார்.

கரண்டியோடு நின்ற எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மறுவீடு என்பது, மணமான பின் பெண் வீட்டார் மாப்பிள்ளையை முறையாக அழைத்துப் போடுகிற முதல் விருந்து. எங்கள் ஊரில் அதற்குப் பாயசமும் வடையும். இவர்களுக்குச் சொதி. அந்த விருந்தை இந்த வீடு சிவகாமிக்குப் போடவில்லை. போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தது. அதனால்தான் சொதி வைப்பதே நின்றுபோயிருந்தது. இப்போது யாரையும் கேட்காமல் நான் அதை ஆக்கி, இலையில் ஊற்றியிருக்கிறேன்.

தாமோதரனுக்கும் புரிந்துவிட்டது. பிசைந்த சோற்றை இலையில் விட்டுவிட்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாது… மன்னிக்கணும்" என்றார். எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். எழுந்திருந்தால் அந்த வாசல் மூடியிருக்கும்.

மாமா அடுக்களைப் பக்கம் பார்த்தார். அத்தை நிலைப்படியில் நின்றார்கள். சுவரைப் பிடிக்காமல் நின்றார்கள்.

"நீயும் இதுல கூட்டா?" என்று மாமா கேட்டார்.

"பூண்டு உரிச்சேன்" என்றார்கள் அத்தை.

கூரை ஓட்டில் தூறல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா குனிந்து தம் இலையைப் பார்த்தார். பிறகு தாமோதரனின் இலையைப் பார்த்தார். கடையில் சரக்கு வந்து இறங்கும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை: உப்பு, வறுவல், அப்பளம், சோறு, சொதி.

"துவையல் எங்க?" என்றார்.

"என்ன துவையல், மாமா?" என்றேன்.

"இஞ்சித் துவையல்! சொதி வச்சிருக்கு, தொட்டுக்கிட எங்க? துவையல் இல்லாம மறுவீட்டுச் சாப்பாடு உண்டா? நாலு பேரு கேட்டாச் சிரிப்பாக!"

"ராத்திரி இஞ்சி ஆகாதும்பீகளேப்பா" என்றார் என் கணவர். எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்பது அவருக்கு என்றுமே தெரிந்ததில்லை.

"ஒருநாள் தின்னா ஒண்ணும் ஆயிராது. சுக்கு விக்குதவனுக்கு இஞ்சியப் பத்தி நீ சொல்லுதியோ? மாப்பிள்ளைக்கு வச்ச எலையில கொறை இருக்கப்பிடாது." சொல்லிவிட்டு, தலையைத் திருப்பாமலே, "சிவகாமி" என்றார்.

அந்தப் பெயர். காய்ச்சலில் அல்லாமல், தெளிந்த நினைவோடு, அந்த வீட்டில் ஒருவர் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"இஞ்சி எங்கன கெடக்கும்னு ஒனக்குத் தெரியும்லா? எந்திரிச்சுப் போயி அரை. அம்மைக்கு ஒடம்புக்கு ஆகாது. இவளுக்கு நம்ம பக்குவம் தெரியாது."

சிவகாமி இன்னும் சோற்றைத் தொட்டிருக்கவில்லை. எழுந்தாள். விருந்தாளியின் இலையை விட்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

தெரியாதவள்

மறுநாள் வடிவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வச்சிருப்பியா?"

"பயந்திருப்பேன்."

"பொறவு என்ன? இந்தத் தெருவுல பொறந்து வளந்த ஒருத்தியும் அந்த வீட்ல சொதிக்குத் தேங்கா ஒடைக்க மாட்டா. ஒனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

"மாமா என்னைத் திட்டியிருந்தா?"

"ஏசியிருக்க மாட்டாக. தஞ்சாவூர்க்காரி, தெரியாமச் செஞ்சுட்டான்னு விட்டுருப்பாக. நான் செஞ்சிருந்தா என்னை இந்த ஜென்மத்துல வாசப்படி மிதிக்க விடமாட்டாக."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என்னைக் கேட்காமலே என் அறியாமையை எடுத்துச் செலவழித்திருந்தாள். ஆனால் நான் நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் நான் வந்த நாளிலிருந்து என் அறியாமை ஒரு சிரிப்புக்குத்தான் பயன்பட்டிருந்தது. அதனால் ஒருவருக்கு நன்மை உண்டாகும் என்று கண்டுபிடித்தவள் வடிவு ஒருத்திதான். அதற்காக அவளிடம் எனக்கு உண்டான நன்றி இன்றுவரை குறையவில்லை. முகத்துக்கு நேரே சொன்னபோது, "போட்டி, போயி வேலையப் பாரு" என்றாள்.

சொதி சாப்பிட்ட அன்றிரவு சிவகாமியும் தாமோதரனும் தங்கினார்களா என்று கேட்பீர்கள். தங்கவில்லை; மாமா சொன்ன அதே கடைசி பஸ்ஸில்தான் போனார்கள். எல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டில் சரியாகிவிடுவதில்லை. மனத்தாங்கல்கள் பிறகும் இருந்தன. உறவினர் சிலர் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் சில வருடங்கள் இருந்தார்கள். ஆனால் அடுத்த மாதமே சிவகாமியும் மாப்பிள்ளையும் வந்தார்கள், யாரையும் கேட்காமல். அதற்கு வழி பிறந்த இடம் எங்கள் அடுக்களையின் மூலை என்பதால், அந்த மாலைக்கே திரும்பிப் போகிறேன்.

அம்மியடியில்

சிவகாமி அடுக்களைக்குள் வந்ததும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. உறியின் கீழே மண்ணில் புதைத்திருந்த இஞ்சியை எடுத்தாள். கழுவித் தோலைச் சீவினாள். நான் உளுந்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் வறுத்துக் கொடுத்தேன். அத்தை ஒரு சிறு துண்டுக் கருப்பட்டியை எடுத்து வைத்தார்கள். சிவகாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் இழுப்பில் இஞ்சியின் காரம் கண்ணில் ஏறிற்று. மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அதற்கு இஞ்சியைத் தவிர வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பட்டாசலில் ஆண்கள் மூவரும் இலைக்கு முன் காத்திருந்தார்கள். துவையல் வருமட்டும் சாப்பிட முடியாது. பாதியில் எழுந்திருக்கவும் முடியாது. வெகுநேரம் குழவி உருளும் ஓசை மட்டும்தான்.

பிறகு மாமாவின் குரல் கேட்டது. "செங்கோட்டையில இஞ்சி எப்படி விக்குது?"

"நாங்க வாங்குறதில்ல" என்றார் தாமோதரன். "எங்க தோட்டத்துலயே உண்டு."

"தோட்டத்துலயா? நாரு ஓடுமோ?"

"கொஞ்சம் ஓடும்."

"ஓடட்டும், ஓடட்டும். நாரு ஓடுனாத்தான் சுக்குக்கு நல்லது. எந்த மாசம் தோண்டுதீக?"

தாமோதரன் ஏதோ பதில் சொன்னார். மாமா அதை மறுத்தார். இவர் விடாமல் ஒரு காரணம் சொன்னார். "அட, அப்படிச் சொல்லுதீரா!" என்றார் மாமா. அந்தக் குரலில் வீட்டு மனிதர்களோடு வாதாடும்போது வருகிற உரப்பு இருந்தது.

சிவகாமி குழவியை நிறுத்தினாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "அரைஞ்சிட்டும்மா" என்று எழப் போனாள்.

அத்தை அவள் தோளில் கையை வைத்து அமர்த்தினார்கள். "இன்னும் கொஞ்சம் இழு."

"மையா இருக்கும்மா. இதுக்கு மேல என்னத்த அரைக்க?"

"மெதுவா இழுட்டி. அங்கன பேசட்டும்."

சிவகாமி தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மதினி, நீங்களே சொல்லுங்க, அம்மியில என்ன இருக்கு அரைக்க?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நான் குனிந்து மண்ணிலிருந்து இன்னொரு துண்டு இஞ்சியை எடுத்துத் தோல் சீவி, அம்மியின்மேல் வைத்தேன்.